அகவலுக்கு முன்னால் அகப்பை

வள்ளலார் காட்டிய சன்மார்க்க வழியில் வழிபாடு நடத்தக் கற்றுக்கொள்ளணும், யாரிடம் தீட்சை வாங்குவது என்று திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டார். தீட்சையும் கிடையாது, பட்டமும் கிடையாது. வடலூரில் அவர் கட்டிய ஞானசபைக்குள் விளக்கேற்றப் போகிறவர்கள் 12 வயதுக்கு உட்பட்டவர்களாகவோ 72 வயதைக் கடந்தவர்களாகவோ இருக்க வேண்டும் என்று வள்ளலார் வயதைத்தான் சொல்லிவைத்தார், குலத்தைச் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து வள்ளலாரின் நெடும்பாட்டான அருட்பெருஞ்ஜோதி அகவல் படிக்க, புது வீட்டில் ஜோதி ஏற்ற, சாவு வீட்டில் முன்னால் நிற்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. மதுரையில் 19 வருஷமாக அந்த வேலையைச் செய்கிறேன். நான் பழகிய விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் கஞ்சி. உங்கள் ஊர்ச் சன்மார்க்க சங்கத்தில் அன்னதானம் நடக்கும் நாளில் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். எங்கள் சங்கம் பெரியாஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்குக் காலையில் கஞ்சி ஊற்றும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு. அரிசி குழையத் தொடங்கியதும் அண்டாவின் அடிவரை துடுப்பை விட்டுக் கிண்டிக்கொண்டே இருக்கணும். அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள், மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் தீய்ந்த வாடை ஏறாது.

ஊற்றுவதற்கும் பழக்கம் வேண்டும். ஆரம்பத்தில் ஒரு நாள், தூக்குவாளியோடு இரண்டாம் முறை வந்த அம்மாவிடம் "ஏற்கனவே வாங்கினீங்கல்ல?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா வாளியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "உள்ள மகன்கிட்ட இன்னொருத்தர் இருக்காரு" என்றார். அன்றிலிருந்து நான் யாரையும் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்து, பாத்திரம் நிறைய ஊற்றுங்கள். 1867இல் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சபை கட்டியது அதற்கப்புறம், 1872இல். அந்த வரிசையை நீங்களும் மாற்ற வேண்டாம். ஆறு மாதமாவது அகப்பை பிடியுங்கள்.

புலால் விட்டாக வேண்டும், அதில் விலக்கே இல்லை. நம் பக்கம் குலசாமிக்குக் கிடா வெட்டுவார்கள். சொந்தபந்தத்தோடு சண்டை போடாதீர்கள். போங்கள், பந்தலில் தண்ணீர் கொடுங்கள், தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடுங்கள். என் பெரியப்பா வீட்டில் மூன்றாம் வருஷம் அவர்களே எனக்குத் தனியாக உலை வைத்தார்கள்.

அப்புறம் அகவல். மொத்தம் 1596 அடிகள். நாளுக்கு 16 அடி படித்தால் நூறு நாளில் முடியும். வாய்விட்டுப் படியுங்கள், கண்ணால் மட்டும் படித்தால் மூச்சு எங்கே விடுவது என்று தெரியாது. நிதானமாகச் சொன்னால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். மனப்பாடம் கட்டாயமில்லை, புத்தகம் பார்த்துப் படிக்கலாம். கூடப் படிப்பவர்களில் மெதுவாகப் படிப்பவர் யாரோ, அவருடைய வேகம்தான் உங்கள் வேகம்.

விளக்கு ஏற்றுவது எளிது. திரி நேராக, எண்ணெய் நிறைய, காற்றுக்குக் கண்ணாடிக் கூண்டு. தேங்காய் உடைப்பதெல்லாம் இல்லை. ஒரு தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஞானசபையில் ஜோதியை மறைத்திருக்கும் ஏழு திரைகளும் விலகுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். விருத்தாசலம்வரை ரயில், அங்கிருந்து பஸ்.

கடைசியாகப் பழக வேண்டியது சாவு வீடு. தனியாகப் போகாதீர்கள், முதல் நாலைந்து தடவை மூத்த அன்பர் ஒருவருக்குப் பின்னால் நில்லுங்கள். எரிக்காமல் புதைக்கணும், கருமாதி, திதி வேண்டாம், கணவன் இறந்தால் மனைவியின் தாலியைக் கழற்ற வேண்டாம் என்று வள்ளலார் எழுதியிருக்கிறார். இதை எல்லோர் முன்னாலும் பிரசங்கம் செய்தால் வீடு இரண்டாகும். போனதும் முதலில் வீட்டின் மூத்த பெண்மணியைத் தேடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், அவர் அழுது முடிக்கட்டும். அதன் பிறகு, "தாலி அவ கழுத்துலயே இருக்கட்டும்மா" என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படிச் சொன்னபோது மாமியார் பதிலே பேசவில்லை. எழுந்து போய், மருமகளின் மஞ்சள் கயிற்றைச் சேலைக்குள் செருகிவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் அகவலைத் தொடங்கினேன்.