கமடோர் 64: கார்ட்ரிட்ஜில் மட்டும் எதிரிகள் வேகமெடுத்த சிக்கல் தீர்ந்தது

பல நாளைத் தின்ற சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. 1980களின் வீட்டுக் கணினியான கமடோர் 64க்கு நான் எழுதிய சுடும் விளையாட்டு டிஸ்கில் சரியாக ஓடும். அதையே கார்ட்ரிட்ஜாக்கினால் (கணினியில் செருகும் நிரல் பெட்டி), என்டிஎஸ்சி என்ற டிவி முறையில் ஓடும் சில அமெரிக்கக் கணினிகளில் எதிரிகள் வேகமெடுத்து மூன்றாம் கட்டத்தைத் தாண்டவே முடியாது.

எதிரிகளின் வேகத்தைக் குறைத்தேன். பேல் என்ற டிவி முறையில் ஓடும் ஐரோப்பியக் கணினியில் ஆட்டம் சப்பென்று ஆனது. எதிரிகள் வரும் இடைவெளியைக் கூட்டியும் அதே கதைதான்.

பேல் திரையில் நொடிக்கு சுமார் 50 படம் (பிரேம்) வரும், என்டிஎஸ்சியில் சுமார் 60. அதனால் என்டிஎஸ்சியில் ஆறில் ஒரு பிரேமில் எதிரி நகர்வையும் இசையையும் நிறுத்திவைக்கும்படி முன்பே எழுதியிருந்தேன். எது எந்தக் கணினி என்பதை நினைவகத்தின் 678ஆம் முகவரி சொல்லும்: 0 என்றால் என்டிஎஸ்சி, 1 என்றால் பேல். ஆனால் அதை நிரப்புவது கெர்னலின் (கணினிக்குள்ளேயே இருக்கும் அடிப்படை நிரல்) தொடக்க வேலை. தானாகத் தொடங்கும் கார்ட்ரிட்ஜ் அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். அங்கே கிடப்பது வெறும் குப்பை மதிப்பு; அது 0 இல்லையென்றால் என்டிஎஸ்சி கணினியையும் பேல் என்று நினைத்து, விளையாட்டு எதிரிகளை நிறுத்திவைக்காது. கணினிக்குக் கணினி அது மாறும் என்பதால்தான் சிலருக்கு மட்டும் இந்தத் தொல்லை.

தீர்வு, ராஸ்டரை (திரையில் இப்போது வரையப்படும் வரியின் எண்) நேரடியாக அளப்பது. எஸ்இஐ என்ற கட்டளை கொடுத்து இன்டரப்டை (நிரலை இடைமறிக்கும் குறுக்கீடு) நிறுத்துங்கள். வரி எண்ணின் கீழ் 8 பிட் 53266ஆம் முகவரியிலும், மேல் பிட் 53265இன் ஏழாம் பிட்டிலும் (0இலிருந்து எண்ணி) இருக்கும். அந்த ஏழாம் பிட் 1 ஆகும்வரை காத்திருந்து, அது 1 ஆக இருக்கும்வரை 53266ஐப் படித்து, மிகப்பெரிய மதிப்பை எடுங்கள். பேலில் 55, என்டிஎஸ்சியில் 5 அல்லது 6. 32க்குக் கீழே என்றால் என்டிஎஸ்சி.

ஜாய்ஸ்டிக்கை மட்டும் ஒவ்வொரு பிரேமிலும் படியுங்கள். நிறுத்திய பிரேமில் அழுத்திய சுடும் பொத்தானை அடுத்த பிரேமுக்குச் சேமித்துவையுங்கள். இல்லாவிட்டால் அவ்வப்போது குண்டு கிளம்பாது.