'முடித்திருப்பேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

'நாளை மாலை ஐந்து மணிக்குள் இந்த அறிக்கையை எழுதி முடித்திருப்பேன்' என்று நாம் இயல்பாகச் சொல்வதைத்தான் ஆங்கிலத்தில் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் என்கிறார்கள். வரப்போகும் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்பே செயல் முடிந்துவிட்டிருக்கும் என்று தெரிவிப்பது இதன் வேலை. கருத்து நமக்குப் புதியதன்று; 'முடித்திருப்பேன்' என்ற ஒரே தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் இடத்துக்கு இடம் வேறு உருவெடுப்பதுதான் தடுமாற வைக்கிறது.

அமைப்பு எளிது. எழுவாய் எதுவாயினும் 'வில் ஹேவ்' எழுதி, வினைச்சொல்லின் மூன்றாம் வடிவத்தைச் சேர்க்க வேண்டும்: 'ஐ வில் ஹேவ் ரிட்டன் த ரிப்போர்ட் பை ஃபைவ்.' 'ஹீ', 'ஷீ' வந்தாலும் 'வில் ஹேஸ்' ஆகாது. இரண்டாம் வடிவத்தைப் போட்டு 'வில் ஹேவ் வென்ட்' என்று எழுதுவதும் பிழை. 'வில் ஹேவ் கான்' என்பதே சரி. எதிர்மறைக்கு 'வில் நாட் ஹேவ்'. கேள்வியில் 'வில்' முன்னே வரும்.

அடுத்து, நேரத்தைக் குறிக்கும் சொல். 'ஐந்து மணிக்குள்' என்பதற்கு 'பை ஃபைவ்' என்றும், 'ஐந்து மணி வரை' என்பதற்கு 'அன்ட்டில் ஃபைவ்' என்றும் எழுத வேண்டும். இந்தக் காலத்துக்கு இயல்பாகப் பொருந்துவது 'பை'. ஆனால் 'ஐந்து மணி நேரத்துக்குள்' என்று கால அளவைச் சொல்லும்போது, தமிழில் அதே 'உள்' வந்தாலும், ஆங்கிலத்தில் 'விதின் ஃபைவ் அவர்ஸ்' ஆகிவிடும். கடிகாரம் காட்டும் நேரமா, கால அளவா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.

'நீ வருவதற்குள் நான் சமைத்திருப்பேன்' என்பதை 'பை த டைம் யூ வில் கம்' என்று தொடங்கத் தோன்றுவது இயல்பே. 'வருவதற்குள்' என்ற சொல்லிலேயே எதிர்காலச் சாயல் இருக்கிறதல்லவா? ஆங்கிலம் அந்தப் பகுதியை நிகழ்காலத்தில் வைக்கிறது: 'பை த டைம் யூ கம், ஐ வில் ஹேவ் குக்ட்.' ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'வில்', அதுவும் முடிந்திருக்கும் செயலுக்கு மட்டும்.

கால அளவைக் கூட்டிச் சொல்லவும் இது பயன்படும். வரும் ஜூன் மாதத்தோடு வேலையில் சேர்ந்து பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றால், 'பை ஜூன், ஐ வில் ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று எழுதலாம். இங்கே 'சின்ஸ் டென் இயர்ஸ்' என்பது பிழை; 'சின்ஸ்' தொடங்கிய நேரத்தைக் கேட்கும், 'ஃபார்' கழிந்த அளவைக் கேட்கும்.

எல்லாவற்றிலும் பெரிய குழி இதுதான். 'நீ முன்பே சொல்லியிருந்தால் நேற்றே முடித்திருப்பேன்' என்ற வாக்கியத்திலும் அதே 'முடித்திருப்பேன்' வருகிறது. ஆனால் இது நடக்காமல் போன செயல். எனவே 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே' என்று 'வுட்' வர வேண்டும். இங்கே 'வில்' போட்டுவிட்டால் வாக்கியம் குழம்பிப்போகும். மொழிபெயர்க்கும்போது தமிழ் வாக்கியத்தில் 'இருந்தால்' இருக்கிறதா என்று தேடுங்கள். வெளிப்படையாக இல்லாவிட்டாலும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். 'நானாக இருந்தால் மறுத்திருப்பேன்' என்பதை நாம் பேச்சில் 'நான்னா மறுத்திருப்பேன்' என்று சுருக்கிவிடுவதால், அந்த நிபந்தனை கண்ணில் படாமலே போகும்.

எதிர்காலமே இல்லாத இடத்திலும் 'வில் ஹேவ்' வரும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 'இந்நேரம் அவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்' என்று ஊகிக்கும்போது நாம் சொல்வது நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி. ஆங்கிலத்திலும் அவ்வாறே, 'தே வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்.' அவர்களே அழைத்துச் சொல்லிவிட்டார்கள் என்றால் ஊகத்துக்கு இடமில்லை. 'வில்லை' எடுத்துவிட்டு 'தே ஹேவ் ரீச்ட் ஹோம்' என்று எழுத வேண்டும்.