நீச்சல் மேடைக்குப் பிள்ளைகளை அனுப்பும் முன்

மோட்டார் படகின் பின்புற நீச்சல் மேடைக்குப் பிள்ளைகளை அனுப்புவதற்கு முன், எஞ்சினோடு ஜெனரேட்டரையும் சேர்த்து நிறுத்திவிடுங்கள். ஏசிக்காக ஓடவிடப்படும் ஜெனரேட்டரின் புகைக்குழாய் படகின் பின்பக்கத்தில் நீர்மட்டத்தை ஒட்டி இருந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு மேடைக்கு அடியிலுள்ள குறுகிய இடைவெளியில் தேங்கிவிடுகிறது. இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், அங்கே நீந்திச் சென்றவர் உதவிக்குக் குரல் கொடுக்கும் முன்பே நினைவிழந்து மூழ்கக்கூடும். திறந்த வெளிதானே என்று நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவின் பவல் ஏரியில் 2000 ஆகஸ்டில் வீட்டுப்படகின் பின்புறம் நீந்திய சகோதரர் இருவர் இப்படித்தான் உயிரிழந்தனர்.

துடுப்புப் படகுக்கும், ஜெனரேட்டர் இல்லாத மின்மோட்டார் படகுக்கும் இந்தக் கவலை இல்லை. ஆனால் பக்கத்துப் படகில் எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடினால், அதிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி நங்கூரமிடுமாறு அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிவுறுத்துகிறது. மூடிய அறையுள்ள படகாக இருந்தால், எஞ்சினை நிறுத்துவது மட்டும் போதாது. படகுக்கென்றே தயாரிக்கப்பட்ட கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் அவசியம். தலைவலியும் குமட்டலும் கடல்நோய் என்றே தவறாகக் கொள்ளப்படலாம் என்பதால், அந்தக் கருவியின் ஒலியைத்தான் நம்ப வேண்டும்.