தாங்கி மட்டத்துக்கு ரேடார் சென்சர்: எங்கே பொருத்துவது, என்ன எண் கொடுப்பது

ரேடார் சென்சர் தாங்கியின் கூரையில் இருந்து ரேடியோ அலையைக் கீழே அனுப்பும். அலை திரவத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். மேற்பரப்பு 1 மீற்றர் கீழே இருந்தால் போய்வர 6.7 நனோ செக்கன். ஆக, அதற்குத் தெரிவது மேலே உள்ள வெற்றிடம் மட்டும்தான். தாங்கியின் அளவுகளை நாம் சரியாகக் கொடுத்தால்தான் அது மட்டமாக மாறும்.

ஒலியால் அளக்கும் அல்ட்ராசொனிக் சென்சர் மலிவானது. ஆனால் காற்றின் வெப்பம் 10 பாகை ஏறினால் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1.7 சதவீதம் கூடிவிடும். கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்து ஆலைகளில் வெயிலில் நிற்கும் இரும்புத் தாங்கியின் மேற்பகுதி காலையில் ஒரு சூடு, மத்தியானம் வேறொரு சூடு. ரேடியோ அலையை அந்தச் சூடு பாதிப்பதில்லை. வெட்ட வெளியில் உள்ள தாங்கிக்கு ரேடாரையே எடுங்கள்.

இடம் தேர்தல்

பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. 2.4 மீற்றர் விட்டம், 4 மீற்றர் உயரம் உள்ள நிமிர்ந்த தண்ணீர்த் தாங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரையின் நடுவில் பொருத்தாதீர்கள். குவிந்த கூரை அலையைத் திரும்பவும் நடுவுக்கே குவிக்கும். இரண்டாம் எதிரொலியைச் சென்சர் பிடித்துக்கொண்டால் உள்ளதைவிட மட்டம் குறைவாகக் காட்டும். சுவரில் இருந்து 60 செ.மீ. உள்ளே, அதாவது ஆரையின் பாதியில் பொருத்துங்கள்.

அடுத்தது கதிரின் அகலம். 80 மி.மீ. அன்டெனா உள்ள 26 கிகாஹேர்ட்ஸ் சென்சரின் கதிர் சுமார் 10 பாகை விரியும். இந்தத் தாங்கியின் அடியில் அது 73 செ.மீ. அகல வட்டம். 80 கிகாஹேர்ட்ஸ் என்றால் 3 பாகை, 22 செ.மீ. வட்டம். அந்த வட்டத்துக்குள் ஏணி, குழாய், தண்ணீர் விழும் வாய் எதுவும் வரக்கூடாது. உள்ளே ஏணி உள்ள பழைய தாங்கிக்கு 80 கிகாஹேர்ட்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணாகாது. கூம்பு அன்டெனா என்றால் அதன் முனை, பொருத்தும் கழுத்துக் குழாயைத் தாண்டிக் குறைந்தது 10 மி.மீ. கீழே இறங்க வேண்டும். கழுத்துக்குள் துருத்தும் வெல்டிங் கட்டியை அரைத்து எடுத்துவிடுங்கள். சென்சர் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியின் மூடி வழியே அலை புகுந்து போகும், துளைகூடத் தேவையில்லை. ஆனால் மூடியின் உள்ளே ஆவித் துளியோ மேலே மழைத் தண்ணீரோ தேங்கினால் அதையே மேற்பரப்பு என்று எடுத்துக்கொள்ளும். சுவரையும் அலை ஊடுருவும், பக்கத்தில் நிற்கும் இரும்புக் கம்பமும் எதிரொலிக்கும்.

எண்கள்

அதே தாங்கியில் கழுத்து 15 செ.மீ. உயரம் என்றால், சென்சரைப் பூட்டும் பிளாஞ்சில் (கழுத்தின் மேல்விளிம்புத் தட்டில்) இருந்து அடிவரை 4.15 மீற்றர். மிதமிஞ்சிய தண்ணீர் வெளியேறும் குழாய் அடியில் இருந்து 3.80 மீற்றரில் இருக்கட்டும். சென்சர் மட்டத்தை 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான மின்னோட்டமாக அனுப்பும்: 4 என்றால் வெறுமை, 20 என்றால் நிறைவு. ஆகவே 4 மில்லியம்பியருக்கு 4.15 மீற்றரும் 20 மில்லியம்பியருக்கு 0.35 மீற்றரும் தூரமாகக் கொடுங்கள். 12 மில்லியம்பியர் வந்தால் தண்ணீர் 1.90 மீற்றர். இந்தத் தாங்கியில் ஒரு சென்ரிமீற்றர் என்பது 45 லீற்றர், அதனால் அளவு நாடாவைக் கவனமாகப் பிடியுங்கள்.

ஏணி, குழாய் போன்றவற்றின் பொய் எதிரொலிகளைச் சென்சரில் பதிந்து வைத்தால், பிறகு அது அவற்றைக் கணக்கில் எடுக்காது. இந்தப் பதிவைத் தாங்கி வெறுமையாக இருக்கும்போது எடுப்பதே நல்லது. தண்ணீர் இருந்தால், அதன் மேற்பரப்புக்கு அரை மீற்றர் மேலேயே பதிவை நிறுத்துங்கள். மேற்பரப்பையும் சேர்த்துப் பதிந்துவிட்டால், தண்ணீர் அந்த மட்டத்துக்கு வரும்போதெல்லாம் சென்சர் குருடாகிவிடும்.

டீசல் தாங்கி

டீசலின் மின்கோடுபுகு மாறிலி (மேற்பரப்பில் அலை எவ்வளவு தெறிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 2.1 அளவில்தான். விழும் அலையில் 3 முதல் 4 சதவீதமே மேற்பரப்பில் தெறிக்கும், மிச்சம் உள்ளே இறங்கி இரும்பு அடியில் பட்டுத் திரும்பும். டீசலுக்குள் அலை மெதுவாகப் போவதால் 10 செ.மீ. டீசல் 14.5 செ.மீ. போலத் தெரியும், அடித்தளம் இருக்கும் இடத்தைவிடக் கீழே தள்ளித் தெரியும். தாங்கி காலியாகும் நேரத்தில் மட்டம் பூச்சியத்துக்குக் கீழே ஓடினால் காரணம் இதுதான். சென்சரில் திரவ வகையைச் சரியாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் கம்பி வழியே அலையை இறக்கும் வழிகாட்டி ரேடாரைப் போடுங்கள். கம்பி அலையைச் சிதறவிடாது.

படுத்த உருளைத் தாங்கியில் மட்டமும் கொள்ளளவும் ஒன்றல்ல. கால் உயரத்தில் இருப்பது 25 சதவீதம் அல்ல, 19.6 சதவீதம். சென்சரின் கொள்ளளவு அட்டவணையை நிரப்பாமல் விட்டால் டீசல் கணக்கு ஒருநாளும் பொருந்தாது. எரிபொருள் தாங்கிக்கு வெடிப்பாபத்து இடத்துக்கான சான்று பெற்ற சென்சரைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள்.

நெல் ஊறும் தொட்டிக்கு ரேடார் வேண்டாம். ஈரமான தடித்த நுரை அலையை விழுங்கிவிடும், ஆவி அன்டெனாவில் துளியாகப் படியும். அங்கே அடியில் அழுத்தமானி போதும். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்பு கூடியது. சூடாக்கும் தாங்கியில் வழிகாட்டிக் கம்பியில் வெள்ளைப் படிவு ஏறும், அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும்.

வயரிங்

24 வோல்ற் நேர் மின்னில் இரண்டு வயர். 100 மீற்றர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. செம்பு வயரின் தடை போய்வர 3.5 ஓம்தான், அதனால் தூரம் பிரச்சினையில்லை. பிரச்சினை சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் விழும் மின்னல். சென்சர் பக்கம், கட்டுப்பாட்டுப் பனல் பக்கம் இரண்டிலும் மின்னல் தடுப்பான் போட்டு, குறுகிய தடித்த வயரால் நிலத்தொடுப்புக் கொடுங்கள். கேபிளின் உலோகக் கவசத்தைப் பனல் பக்கம் மட்டும் நிலத்தொடுப்புச் செய்யுங்கள். கேபிள் சென்சருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பம்பைத் தானாக ஓடவிடுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். மின்னோட்டம் 3.6 மில்லியம்பியருக்குக் கீழே போனாலும் 21க்கு மேலே போனாலும் பம்பை நிறுத்திச் சைரன் அடிக்க வையுங்கள். வயர் அறுந்தால் வரும் பூச்சியத்தைப் பனல் ‘தாங்கி வெறுமை’ என்று எடுத்துக்கொண்டால், விடியும்வரை பம்ப் ஓடித் தண்ணீர் முற்றத்தில் நிற்கும்.

எப்போதும் 100 சதவீதமே காட்டினால் முதலில் அன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள், துளியோ குளவிக் கூடோ இருக்கும். ஒரே உயரத்தில் சிக்கி நின்றால் ஏணி. பம்ப் ஓடும்போது மட்டும் எண் துள்ளினால், தண்ணீர் கதிருக்குள் விழுகிறது; விழும் வாயில் ஒரு குழாய்த் துண்டை மாட்டிச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள்.