எஸ்யூவி டயர்: பட்டனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

எஸ்யூவிக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டிகள், எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது, விலை என்ன. டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களைப் படிப்பவர்கள் குறைவு. இந்த வகை வண்டிக்கு அந்த எண்கள்தான் முக்கியம். சாதாரணக் காரைவிட எஸ்யூவிக்கு எடை அதிகம், உயரமும் அதிகம். வேகமாகப் போகும்போது டயர் கைவிட்டால், தாழ்வான கார் தடுமாறி நின்றுவிடக்கூடிய இடத்தில் இது உருண்டுவிடலாம்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் லட்சக்கணக்கான டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓட்டத்திலேயே டயரின் மேல்பட்டை பிய்ந்து, வண்டிகள் உருண்டு, பலர் உயிரிழந்தார்கள். குறை டயரிலா வண்டியிலா என்று இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டபோது, வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த 26 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் மிகக் குறைவா என்பது பெரிய விவாதமானது. காற்று குறைவு, பாரம் அதிகம், வெயில், வேகம் ஆகிய நான்கும் சேர்ந்தால் டயருக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். டயர் வாங்கும்போது செய்யும் பல தவறுகள் கடைசியில் இந்தச் சூட்டில்தான் போய் முடிகின்றன.

முதல் தவறு அளவில் நடக்கிறது. 235/65 ஆர்17 104எச் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அகலம் 235 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ரிம் 17 அங்குலம். இதற்குப் பதிலாக, வண்டி எடுப்பாகத் தெரியட்டும் என்று அதே ரிம்மில் 245/70 போட்டால், சக்கரத்தின் விட்டம் சுமார் 737 மி.மீ.யிலிருந்து 775 மி.மீ.க்குப் போய்விடும். ஐந்து சதவீதம் கூடுகிறது. சரியாகக் காட்டிக்கொண்டிருந்த வேகமானியில் முள் 100இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 105இல் ஓடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசலாம். பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தாலும் அதை அடுத்து வரும் 104ஐக் கோட்டைவிடுகிறார்கள். அது பாரக் குறியீடு. 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. ஒரே அளவில் இரண்டும் கிடைக்கலாம், விலை குறைந்ததை எடுத்துவிடத் தோன்றும். நான்கு டயருக்கும் சேர்த்து 400 கிலோ குறைகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். எல்லா இருக்கைகளும் நிறைந்து, பின்னால் பெட்டிகளும் ஏறினால் பாரம் நான்கு சக்கரங்களிலும் சமமாக விழாது, பின்சக்கரங்கள் கூடுதலாகச் சுமக்கும். தயாரிப்பாளர் சொன்ன குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. உறுதியாக இருக்கட்டும் என்று எல்டி எனப்படும் இலகுரக லாரி வகை டயரைப் போட்டுவிட்டுப் பழைய காற்றழுத்தத்திலேயே ஓட்டுவார்கள். அதே பாரத்தைச் சுமக்க எல்டி டயருக்கு அதிகக் காற்று வேண்டும். பழைய அழுத்தத்தில் அது கார் டயரைவிடக் குறைவாகத்தான் தாங்கும்.

கடைசியில் வரும் எச் என்ற எழுத்து மணிக்கு 210 கி.மீ. வரம்பைக் குறிக்கிறது, டி என்றால் 190. நான் 100ஐத் தாண்டுவதே இல்லை, எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். வெப்பத்தைத் தாங்கும் திறனும் அந்த எழுத்தோடு சேர்ந்தே வருகிறது. அதையும் குறைக்க வேண்டாம்.

இனி பட்டனுக்கு வருவோம். சேற்றுக்கென்று செய்த டயரில் பட்டன்களுக்கு இடையே அகன்ற பள்ளங்கள் இருக்கும். சேற்றைக் கவ்வி வெளியே தள்ளுவதற்காக அப்படி. அதே டயர் தார்ச்சாலையில் குறைவான ரப்பரையே தரையில் வைக்கிறது. மழையில் நனைந்த சாலையில் வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கும், இரைச்சல் கூடும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். ஆண்டுக்கு ஓரிரு முறை மண் பாதையில் இறங்குபவருக்கு நெடுஞ்சாலை டயரே போதும் என்பது என் உறுதியான கருத்து. வாரந்தோறும் கரடுமுரடான வழியில் போகிறவர் தார்ச்சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான ஏ/டி (ஆல்-டெரெய்ன்) வகையைப் பார்க்கலாம். பனி விழும் இடமென்றால் சேறு, பனி இரண்டுக்கும் ஏற்றது என்று குறிக்கும் எம்+எஸ் என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், அது தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்வது. மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை, பனியில் சோதித்த பிறகே கிடைக்கும்.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் ஒரு டயரை மட்டும் மாற்றுவது செலவைக் குறைப்பதுபோலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய டயர்கள் 3 மி.மீ. தேய்ந்திருந்தால், புதியதன் சுற்றளவு சுமார் 19 மி.மீ. அதிகம். நேரான சாலையிலும் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் கிளட்ச் தொகுதியும் ஓய்வில்லாமல் வேலை செய்து சூடேறித் தேயும். அதைப் பழுதுபார்க்கும் செலவு மிச்சம்பிடித்த மூன்று டயர்களின் விலையைவிட அதிகமாகிவிடக்கூடும். எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள்.

இரு சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் ஜோடியாக மாற்றலாம். ஆனால் புதிய ஜோடி பின்னால்தான் போக வேண்டும், முன்சக்கர இயக்கமானாலும் சரி. தேங்கிய நீரில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துச் சமாளிக்க முடியும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி திரும்பிவிடும், பெரும்பாலானவர்களால் அதை மீட்க முடியாது.

பழைய டயர்களைக் கழற்றியதும் தூக்கி எறியாமல் ஒரு முறை தடவிப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது, நடு மட்டும் தேய்ந்திருந்தால் அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் சரியில்லை. ஆங்காங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகியுங்கள். அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் புதியது போட்டால் அதுவும் அதே கதிக்கு ஆளாகும்.

புதியது என்று தருவது உண்மையில் எப்போது செய்தது என்பதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2323 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கத்தில் அந்த இலக்கங்கள் இல்லையென்றால் மறுபக்கத்தில் இருக்கும்.

மாட்டிய பிறகு டயரில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்குக் காற்று அடிக்கச் சொல்லாதீர்கள், அது உச்ச வரம்பு. ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதுதான் அதே வகை, அதே அளவு டயருக்கான கணக்கு, முழு பாரத்துக்குத் தனி எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அம்புக்குறி போட்ட டயர் சுற்ற வேண்டிய திசையில் மாட்டியிருக்கிறதா என்று கடையை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் வாக்கில் ஓடியதும் வீல் நட்டுகளின் முறுக்கத்தை ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள்.