சிகிச்சை முடிந்த பிறகு வரும் நோவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன், கீமோ, கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்துவிட்டால் நிம்மதி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வந்த பிறகுதான் தெரியும், நோய் திரும்பிவிட்டதோ என்ற பயம் விடாது என்று. நாரி பிடித்தாலும் அதுதானோ, நாலு நாள் இருமினாலும் அதுதானோ, தலையிடித்தாலும் அதுதானோ. திருகோணமலையில் இருந்து மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கும் மட்டக்களப்புக்கும் கிளினிக் போகிற பெண்களோடு நான் துணைக்குப் போய்வருவேன். அதே சிகிச்சையை எடுத்தவள் என்பதால் என்னிடம் மனம் விட்டுக் கதைப்பார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் விட்ட பிழைகளை இப்போது சிகிச்சை முடித்த பிள்ளைகளும் ஒன்று தவறாமல் விடுகிறார்கள், அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

இணையத்தில் தேடாதீர்கள், பயப்படாதீர்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை எல்லாரும் சொல்லியாகிவிட்டது. பயப்படாதே என்று சொல்லி ஒருவருக்குப் பயம் போனதை நான் கண்டதுமில்லை. நான் எழுதுவது மார்பகப் புற்றுநோயை வைத்து. வேறு இடத்துப் புற்றுநோய் என்றால் சில விஷயங்கள் மாறும்.

கிளினிக்கில் "நல்லா இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு வருவது

இரவு பஸ்ஸில் ஹபரணை தாண்டும் வரைக்கும் முதுகு நோவைப் பற்றியே கதைத்துக்கொண்டு வருவார்கள். எத்தனை நாளாய் நித்திரை இல்லை, எந்தப் பக்கம் திரும்பினால் குத்துகிறது, எல்லாம் சொல்வார்கள். விடிந்து, வரிசையில் மணிக்கணக்காய் இருந்து, டொக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் வாயில் வருவது, "ஒண்டுமில்லை டொக்டர், நல்லா இருக்கிறன்." டொக்டர் கொப்பியில் எழுதுகிறார், அடுத்த திகதி போடுகிறார், முடிந்தது.

காரணம் எனக்கு விளங்கும். பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம் ஒரு பக்கம். மகரகமவில் இன்னொன்றும் சேரும், டொக்டர் சிங்களத்தில் கேட்பார், எங்களுக்கு நோவை விவரிக்கும் அளவுக்குச் சிங்களம் வராது, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். அதனால் வீட்டிலேயே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த இடம், எப்போது தொடங்கியது, இரவில் எழுப்புகிறதா, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது முன்கூட்டியே யாரிடமாவது அந்தத் துண்டை எழுதி வாங்குங்கள். கடைசி வரியாக, "எலும்புக்குப் பரவியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது" என்பதையும் எழுதுங்கள். அந்தப் பயத்தைச் சொன்னால்தான் டொக்டர் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

டொக்டரிடம் கேட்காமல் ரத்தப் பரிசோதனை எடுப்பது

இதைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன், ஏனென்றால் இதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும்.

நிலாவெளிப் பக்கம் ஒரு தங்கச்சி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். இடது மார்பையும் கமக்கட்டில் இருந்த நெறிகளையும் (நிணநீர்க் கணுக்களையும்) எடுத்து, கதிர்ச் சிகிச்சையும் முடிந்து ஏழெட்டு மாதம். இடது தோளில் உளைவு தொடங்கி மேல்கை வழியாக முழங்கை வரை இறங்கியது. இடியப்ப உரலை அமத்தும்போது கண்ணால் தண்ணீர் வரும் அளவுக்கு நோ. கிளினிக்குக்கு இன்னும் ஒன்றரை மாதம் கிடந்தது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், "காசைப் பற்றி யோசிக்காதை, எல்லா டெஸ்டையும் எடு" என்று போனில் சொல்ல, ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனாள். அங்கே எங்கே நோகுது என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. கான்சர் மார்க்கர், அதாவது ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறிகாட்டிகள், என்று நாலு பரிசோதனைகளை ஒன்றாகக் கட்டி ஒரு விலை சொன்னார்கள், ரத்தத்தை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

துண்டு வந்தது. மூன்று சரி. சி.ஏ. 125 மட்டும் 41 என்று இருந்தது, 35க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். சூலகப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் குறிகாட்டி அது. சூலகத்துக்கும் போய்விட்டது என்று வீடே முடிவுகட்டிவிட்டது. அன்று அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. அப்புறம் வயிற்று ஸ்கேன், சி.டி. ஸ்கேன், வான் பிடித்துக் கொழும்பில் ஒரு தனியார் நிபுணர், அவர் எழுதிக் கொடுத்த இன்னும் சில பரிசோதனைகள். அண்ணன் அனுப்பிய காசு முதல் வாரமே கரைந்தது, பிறகு தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போயின. கடைசியில் ஸ்கேனில் தெரிந்தது கருப்பையில் பல வருடமாக இருக்கும் ஒரு ஃபைப்ரொயிட் கட்டி, புற்றுநோய் இல்லாத கட்டி. அது இருப்பது அவளுக்கு முன்பே தெரியும். அந்தக் கட்டி இருந்தாலே சி.ஏ. 125 கொஞ்சம் கூடலாம். மாதவிடாய் நாட்களில் கூடலாம், கருப்பையின் உட்சவ்வு போன்றது வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் கூடலாம், ஈரல் நோயிலும் கூடலாம். சி.ஈ.ஏ. என்ற இன்னொரு குறிகாட்டி புகைப்பவர்களுக்கு நோய் ஒன்றும் இல்லாமலே கூடுதலாக இருக்கும். நாய் குரைத்தால் வந்தவன் கள்வன்தான் என்று எப்படிச் சொல்வது?

இத்தனைக்குள்ளும் அவளின் கையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை. கிளினிக் நாளில் டொக்டர் முதலில் செய்தது அதைத்தான். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார், தோள் உயரத்துக்கு வருமுன்னமே நின்றுவிட்டது. முதுகுப் பக்கம் கொண்டுபோகச் சொன்னார், இடுப்பைத் தாண்டவில்லை. உடுப்பின் பின்கொக்கியை மகள்தான் இத்தனை நாளும் போட்டுவிட்டிருக்கிறாள். தோள்மூட்டு இறுகிப் போயிருந்தது, ஒப்பரேஷனுக்கும் கதிர்ச் சிகிச்சைக்கும் பிறகு கையை அசைக்கப் பயந்து வைத்திருந்தவர்களுக்கு அடிக்கடி வருகிற ஒன்று. உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். சுவரில் விரல்களால் ஊர்ந்து ஏறுகிற பயிற்சி, நல்ல கையால் மற்றக் கையைத் தூக்குகிற பயிற்சி. அரசாங்க ஆஸ்பத்திரி, ஒரு சதம் செலவில்லை. ஸ்கேனும் வானுமாய் ஓடிய நாட்களில் அந்த மூட்டு இன்னும் இறுகியதுதான் மிச்சம்.

மார்க்கர் எடுத்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 1320 பெண்களை வைத்து இத்தாலியில் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு எலும்பு ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே, ஈரல் ஸ்கேன், ரத்தம் என்று ஒழுங்காக எடுத்தார்கள். மற்றவர்களை டொக்டர் கையால் பரிசோதித்து, மெமோகிராம் எடுத்து, நோவு சொன்னால் மட்டும் மேற்கொண்டு பார்த்தார்கள். உயிர் வாழ்ந்த காலத்தில் இரண்டு பகுதிக்கும் வித்தியாசம் இல்லை. சூலகப் புற்றுநோயில் சி.ஏ. 125 ஏறியதும் உடனே சிகிச்சை தொடங்குவதா, அறிகுறி வந்த பிறகு தொடங்குவதா என்று பார்த்த ஆய்வு 2010இல் வந்தது. முந்தித் தொடங்கியவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை, கீமோவின் வேதனையைத்தான் சில மாதம் முந்திப் பட்டார்கள். அறிகுறி ஒன்றும் இல்லாதவர்களுக்குக் கிளினிக்கில் மார்க்கரும் முழு உடம்பு ஸ்கேனும் எழுதாததற்குக் காரணம் இதுதான். கவனிக்காமல் விடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

இதன் மறுபக்கம் இதைவிட மோசம். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு நடுமுதுகில் நோ. தானாகப் போய் மார்க்கர் எடுத்தா, எல்லாம் அளவோடு இருந்தது. அந்தத் துண்டை நம்பி, இரவில் எழுப்புகிற நோவை மாதக்கணக்காய்ப் பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டா. நோய் முள்ளந்தண்டில்தான் இருந்தது. மார்க்கர் அளவோடு இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது, இதை அவவுக்குச் சொல்ல அந்த ஆய்வுகூடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அவ சிகிச்சையில் இருக்கிறா, நடந்து திரிகிறா, ஆனால் அந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

புதிதாக நோ இருந்தால் டொக்டரிடம் போங்கள், அவர் தொட்டுப் பார்த்து எந்தப் பரிசோதனை என்று எழுதட்டும். அந்த நோவுக்கு எக்ஸ்ரேயா, எலும்பு ஸ்கேனா, எம்.ஆர்.ஐ.யா என்று தெரிவுசெய்வது அவரின் வேலை. எலும்பு ஸ்கேனில்கூட மூட்டுவாதமும் பழைய முறிவும் கறுப்பாகத் தெரியும், அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

மூட்டு நோகிறதென்று குளிசையை நிறுத்துவது

மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் குளிசைகளைக் குடிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மூட்டு நோவு வரும். தொடங்கிய சில வாரங்களில் அல்லது மாதங்களில் வரும். விடியப்புறம் விரல் மடங்காது, முழங்கால் பிடிக்கும், எழும்பி நடமாடினால் கொஞ்சம் இளகும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இதைக் கான்சர் எலும்புக்குப் போய்விட்டது என்று நினைத்து ஒடுங்கிப் போகிறவர்கள் ஒரு பக்கம். குளிசையால்தான் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் நிறுத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். நோய் திரும்பாமல் காக்கிற குளிசையே அதுதான், பெரும்பாலும் 5 வருடம் குடிக்க வேண்டியது. ஏலாமல் இருந்தால் சொல்லுங்கள், வேறு குளிசைக்கு மாற்றலாம், நோவுக்கு மருந்து தரலாம். ஒழுங்காக நடக்கிறவர்களுக்கு இந்த நோவு குறைவதாகவும் கண்டிருக்கிறார்கள், உப்புவெளிக் கடற்கரையில் விடிய எழும்பி நடந்தாலே போதும்.

2025இல் சிக்குன்குனியா பரவிய நேரம் இந்தக் குழப்பம் இரட்டிப்பானது. காய்ச்சல் விட்டும் மாதக்கணக்கில் மூட்டு வலிக்கிற நோய் அது. காய்ச்சல் வந்ததையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

தழும்பில் மின்சாரம் அடித்தாற்போல் வருவதைக் கண்டு நடுங்குவது

வெட்டும்போது நரம்பும் வெட்டுப்படும். குத்து, எரிவு, மேல்கையின் உட்பக்கம் விறைப்பு, இவை வருடக்கணக்கிலும் இருக்கலாம். தழும்பில் புதிதாகக் கட்டியோ சிவந்த தடிப்போ கண்டால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

"அவவுக்கும் இப்படித்தான் தொடங்கினது" என்று இன்னொருவரோடு ஒப்பிடுவது

கான்சர் வந்த வேறு யாரோ ஒருவரின் கதையைக் கேட்டுப் பயப்படுவார்கள். அவவுக்குக் குடலில், உங்களுக்கு மார்பில். ஒப்பிட வேண்டாம்.

உருவிவிடக் கொடுப்பது, கன்னியாவுக்குப் போவது

நாரிப்பிடிப்பு என்று முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் அழுத்தி உருவிவிடச் சொல்வதற்கு முன் எலும்பைப் படம் எடுத்துப் பாருங்கள். எலும்பு பலவீனமாக இருந்தால் அழுத்தத்தில் முறியும். லெட்ரோசோல் குளிசையாலும் எலும்பு தேயும் என்பதை மறக்க வேண்டாம். கன்னியா வெந்நீரில் குளித்தால் உளைவு போகும் என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் நெறி எடுத்த பக்கத்துக் கை கடும் சூட்டில் வீங்கக்கூடும், அந்தக் கைக்கு வேண்டாம்.

எழுதி வைக்காமல் நினைவை நம்புவது

கிளினிக் நெருங்க நெருங்க எல்லா நோவும் கூடும், எல்லாருக்கும் நடக்கிறது. அதனால் நினைவை நம்பாதீர்கள். என்னோடு வருகிற ஒரு பிள்ளை பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் எழுதுகிறாள்: "ஞாயிறு, உடுப்பு தோய்த்தது, கிணற்றில் அள்ளினது. திங்கள், வலது விலா நோ. செவ்வாய், இருக்கு, இரவு நித்திரை வந்தது. வெள்ளி, இல்லை." அந்த நாலு வரியைப் பார்த்த டொக்டருக்கு வேறு கேள்வி தேவைப்படவில்லை. வேலை செய்தால் வந்து, ஓய்ந்தால் குறைந்து, இடம் மாறிக்கொண்டு இருப்பது பெரும்பாலும் தசைநோ. ஒரே இடத்தில் நின்று, நாளுக்கு நாள் கூடி, படுத்தாலும் குறையாமல், இரவில் எழுப்புவது காட்ட வேண்டிய நோ. இரண்டு கிழமைக்கு மேல் போகாமல் நின்றால் எந்த நோவையும் காட்டுங்கள், மூன்று மாதம் கழித்து வரும் கிளினிக் திகதிக்கு வைத்திருக்க வேண்டாம். முதலில் உள்ளூர் வைத்தியசாலையில் காட்டினாலும் போதும், அவர்கள் கடிதம் தருவார்கள்.

இரண்டு கிழமை காத்திருக்கக் கூடாதவை

முதுகு நோவோடு கால் பலமிழப்பது, கால் விறைப்பது, சலம் மலம் போக முடியாமல் போவது அல்லது அடக்க முடியாமல் போவது: முள்ளந்தண்டு நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம், மணித்தியாலங்கள் கணக்கு, பிந்தினால் நடை திரும்பாமல் போகலாம். ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால், அதிலும் நோய் திரும்பாமல் இருக்க டமொக்சிஃபென் என்ற குளிசை குடிப்பவர் என்றால், ரத்தம் உறைந்திருக்கலாம். திடீரென்று மூச்சு வாங்கினாலும் வலிப்பு வந்தாலும் அதே அவசரம்தான். விடியட்டும் என்று இருக்க வேண்டாம், 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கிளினிக் கொப்பியையும் குடிக்கிற குளிசைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.