காரைக்குடியிலிருந்து திருவையாறு ஆராதனைக்கு: ஒன்பது மணிக்கு முன் பந்தலில் இடம் பிடிக்க

செட்டிநாட்டில் ஊருணிக்குப் பஞ்சமில்லை. வற்றாமல் ஓடும் ஆறுதான் இல்லை. ஆற்றங்கரையில், பந்தலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது திருவையாறு. திருமயம், புதுக்கோட்டை, கந்தர்வக்கோட்டை, தஞ்சாவூர் வழியாக ஏறக்குறைய 110 கிலோமீட்டர். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவரான தியாகராஜர் 1847-இல் மறைந்த ஊர் அது; சமாதி காவிரியின் வடகரையில் இருக்கிறது. அவர் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் ஐந்து நாள் விழாதான் ஆராதனை. அதன் கடைசி நாள் காலை ஒன்பது மணிவாக்கில் வித்வான்கள் எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்னம் என்ற அவருடைய ஐந்து கீர்த்தனைகளைப் பாடுவார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. இடம் பிடிப்பது ஒன்றுதான் பாடு.

முதலில் தேதி. தைப்பூசத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பழனிப் பாதயாத்திரைக்குப் போகும் வீடுகளில் பூசம்தான் நாள்காட்டி. ஆனால் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமித் திதியில், அதாவது சந்திரமானப் புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாளில் வருவது. 2024-இல் பூசம் ஜனவரி 25, பஞ்சரத்னம் ஜனவரி 30. அடுத்த ஆண்டு பூசம் பிப்ரவரி 11; பஞ்சரத்னமோ ஜனவரி 18-ஆம் தேதியே முடிந்துவிட்டது. பஞ்சாங்கத்தில் திதியைப் பார்த்து, செய்தித்தாளில் வரும் நிகழ்ச்சி நிரலோடு ஒத்துப் பாருங்கள். பொங்கலை ஒட்டி வந்தால் பேருந்தில் நிற்கவும் இடம் இருக்காது.

முந்தின நாளே கிளம்பித் தஞ்சாவூரில் தங்குவதுதான் சரி. விடிகாலை மூன்று மணிக்குக் காரில் புறப்பட்டாலும் போய்ச் சேரலாம். ஆனால் தூக்கம் கெட்டவர்கள் இரண்டாவது பாட்டிலேயே சாமியாடத் தொடங்குவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேருந்து ஏறினால் திருவையாற்றில் சாயங்காலக் கச்சேரிகளையும் கேட்டுவிடலாம். அங்கே ஒருவருக்கு இருபது நிமிடம் கிடைத்தாலே பெரிது. ஆலாபனை, தனியாவர்த்தனம் என்று நிதானமாக விரியும் கச்சேரியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரே மாலையில் பத்துப் பேரின் குரலைக் கேட்க அதைவிட நல்ல இடமில்லை.

நம் பக்கத்துப் பேருந்துகள் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். திருவையாற்று டவுன் பஸ் பழைய பேருந்து நிலையத்தில். புதுசாகப் போகிறவர்கள் இந்த மாற்றத்தில்தான் நேரத்தைத் தொலைப்பார்கள். கழிப்பறை வேலையையும் தஞ்சாவூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 13 கிலோமீட்டர். ஊரை விட்டு வெளியேறியதும் பாலங்களை எண்ணிக்கொண்டே வரலாம்: வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. குடமுருட்டியைத் தாண்டியதும் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். காரில் வருகிறவர்கள் காவிரிப் பாலத்துக்கு முன்னாலேயே ஓரங்கட்டிவிட்டு நடப்பது மேல். அக்கரையில் தெருக்கள் குறுகல், உள்ளே போன வண்டி மதியத்துக்கு முன் வெளியே வராது.

பந்தலில் ஆறரை, ஏழுக்குள் இருக்க வேண்டும். சமாதிச் சந்நிதிக்கு முன்னாலுள்ள இடம் பாடுகிறவர்களுக்கும் பக்கவாத்தியங்களுக்கும். அங்கே போய் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள், அதற்குள் பின்னால் இருந்த இடமும் போயிருக்கும். ஒலிபெருக்கிக்கு நேர் கீழேயும் வேண்டாம். குரல்கள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இரைச்சலாகிவிடும். தூணோரம் கிடைத்தால் முதுகுக்குச் சாய்மானம். அப்பத்தாவையோ ஆயாவையோ அழைத்துப் போனால் மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொண்டு பந்தலின் கடைசி ஓரத்துக்குப் போங்கள். நடுவில் போட்டால் பின்னால் இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

காலையில் பனி, பத்து மணிக்கு வெயில். தலைக்கு ஒரு துண்டு, கீழே விரிக்கச் சின்ன ஜமுக்காளம், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பசி தாங்க இட்லியும் மிளகாய்ப்பொடியும். செருப்பை வாசலில் குவியலில் விடாமல் ஒரு துணிப்பையில் போட்டுக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து பாட நினைப்பவர்கள் தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகம் கொண்டுவர வேண்டும். முதல் கீர்த்தனை சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. நம் எழுத்தில் ஒரே 'க'தான் என்பதால், நல்ல பதிப்புகளில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று பொடி எண் இருக்கும். 'க'வின் மேல் 3 இருந்தால் 'கங்கை'யின் முதல் எழுத்துப் போல ஒலிக்க வேண்டும். எண் இல்லாத மலிவுப் பதிப்பை வைத்துக்கொண்டு பாடினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். ராக வரிசை நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்துமே ஆதி தாளம். சரணங்கள் நிறைய என்பதால் வழி தவறுவது சகஜம். தவறினால் தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டிருந்து, பல்லவியோ அடுத்த சரணமோ வரும்போது சேர்ந்துகொள்ளுங்கள். பாட்டுக்கு நடுவே கைதட்டுவது கூடாது.

தாமதமாகிவிட்டதா? தியாகராஜர் வாழ்ந்த திருமஞ்சன வீதியிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை (பாடிக்கொண்டே வீதியில் பிச்சை ஏற்று வரும் ஊர்வலம்) சமாதிக்கு வரும். பந்தலில் நெருக்கியடிப்பதைவிட அதன் பின்னால் நடந்து வருவது நிம்மதி.

பத்து மணிக்குப் பாட்டு முடிந்ததும் கூட்டம் ஒரேயடியாகப் பேருந்துக்கு ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். சமாதிக் கோயிலைக் கட்டி 1926-இல் குடமுழுக்குச் செய்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடம் சமாதிக்கு எதிரிலேயே இருக்கிறது. பெரும்பாலோர் பார்க்காமலே போகிறார்கள். காவிரியின் புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் நனைக்கலாம், ஆனால் படியை விட்டு இறங்க வேண்டாம். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28 வரை திறந்திருக்கும் என்பதால் அந்தச் சமயம் தண்ணீருக்கு இழுப்பு உண்டு, கீழ்ப்படிகளில் பாசியும் இருக்கும். கடைத்தெருவில் அசோகா கேளுங்கள்: பாசிப்பருப்பும் நெய்யுமாகக் கிண்டிய அல்வா. வாழையிலைத் துண்டில் சூடாக அங்கேயே சாப்பிடுவது ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு பங்கு. வீட்டுக்கு வாங்குவதை ஆறவைத்து மூடச் சொல்லுங்கள்; சூட்டோடு மூடினால் டப்பாவுக்குள் வியர்த்து, மறுநாளே ஊசிப்போகும். பன்னிரண்டு மணிக்கு மேல் தஞ்சாவூர் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும்.